அந்த அடிக்கட்டையை அகற்ற வேண்டாம்

கேள்வி:

வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 1, 2, 3ஆம் வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கிறேன். மொத்தம் 23 பிள்ளைகள். இயற்கையைப் பற்றிய பாடங்களை நான்கு சுவருக்குள் படம் காட்டி நடத்துவதில் எனக்கே சலிப்பு வந்துவிட்டது. சென்ற ஆண்டு பிள்ளைகளை வெளியே அழைத்துப் போனேன். கூச்சலும் ஓட்டமுமாக முடிந்தது. ஒரு பையன் தட்டானின் இறக்கையைப் பிய்த்துவிட்டான். வகுப்பில் பஞ்சு வைத்துப் பச்சைப்பயறு முளைக்கப் போட்டோம். அழுகி நாறிப் போயிற்று. நான் நகரத்தில் வளர்ந்தவள். செடி, பறவைகளின் பெயர் பாதிக்கு மேல் தெரியாது. பிள்ளைகள் கேட்டால் விழிக்கிறேன். பள்ளியில் இருப்பதெல்லாம் ஒரு வேப்பமரம், ஓர் அடிபம்பு, கஜா புயலில் விழுந்த புளியமரத்தின் அடிக்கட்டை. அந்தக் கட்டையையும் அகற்றித் தரச் சொல்லி ஊராட்சிக்கு எழுதியிருக்கிறோம். "வருடத்துக்கு ஒருமுறை கோடியக்கரைக்கு அழைத்துப் போனால் போதாதா? முதலில் எண்ணும் எழுத்தும் திட்ட வேலையை முடியுங்கள்" என்கிறார் தலைமையாசிரியர். "மண்ணில் விளையாடவா பள்ளிக்கூடம் அனுப்புகிறோம்?" என்கிறார்கள் பெற்றோர். பாம்பு பயம் வேறு. மானியத்தில் 2,000 ரூபாய் ஒதுக்கலாம் என்கிறார்கள். என்ன வாங்குவது, எங்கே தொடங்குவது?

ஓர் ஆசிரியை, நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு, வணக்கம்.

முதலில் ஓர் அவசர வேலை. ஊராட்சிக்கு எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெற்றுவிடுங்கள். அந்த அடிக்கட்டை அங்கேயே கிடக்கட்டும். 2,000 ரூபாயில் நீங்கள் வாங்கக்கூடிய எதையும்விட அது மதிப்பு மிக்க பாடப்பொருள்.

2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டிய வேளையில் கஜா உங்கள் கரையில்தான் ஏறியது. உங்கள் வகுப்பில் மூத்த பிள்ளைகள் அப்போது கைக்குழந்தைகளாக இருந்திருப்பார்கள். மற்றவர்கள் பிறந்தே இருக்க மாட்டார்கள். அன்று விழுந்த மரத்தின் அடி இத்தனை ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் கிடக்கிறது. வெளிப்பக்கம் உளுத்திருக்கும், கறையான் மண்பூச்சு ஏறியிருக்கும், மழைக்காலத்தில் காளான் விரியும், பட்டையிடுக்கில் சிலந்தி வலை இருக்கும், மேலே ஓர் ஓணான் வெயில் காயும், அடியில் மரவட்டை சுருண்டு கிடக்கும். இடுக்கில் விழுந்த விதை ஒன்று முளைத்துக்கூட இருக்கலாம். செத்த மரத்தில் இத்தனை உயிர்கள் குடியிருப்பதை எந்தப் படத்தைக் காட்டி விளக்குவீர்கள்? அந்த இரவு எப்படி இருந்தது என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னால், மறுநாள் வகுப்பில் பேச்சு நிற்காது. கட்டையைச் சுற்றிப் பொந்து இருக்கிறதா என்று முதலில் நீங்கள் பாருங்கள். இருந்தால் மண் போட்டு அடைத்துவிட்டு, வெளிச்சமான ஒரு பக்கத்தை மட்டும் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். பாம்பைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வேலையில் எனக்குப் பல காலம் கழிந்திருக்கிறது. உங்கள் கடிதத்தில் உள்ளதைப் போன்ற கேள்விகளுக்கெல்லாம் என்னிடம் இருப்பது பெரும்பாலும் ஒரே பதில்தான்: ஒரே இடத்துக்கு மீண்டும் மீண்டும் போங்கள். ஆறேழு வயதுப் பிள்ளைக்குப் புது இடம் என்றால் ஓடிப் பார்க்கத்தான் தோன்றும். உங்களுக்கும் எனக்கும் திருவிழாக் கடைத்தெருவில் கால் நிற்காது, அது போலத்தான். ஐந்தாம் முறை, ஆறாம் முறை அதே மரத்தடிக்கு வரும்போதுதான் "போன வாரம் இது இங்கே இல்லையே" என்று ஒரு குரல் எழும்பும். அந்தக் குரலுக்காகத்தான் நாம் இத்தனை பாடு படுகிறோம். ஒரே ஒரு முறை அழைத்துப் போய்விட்டு, கூச்சலாக முடிந்தது என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். இரண்டாம் முறையும் கூச்சல்தான் இருக்கும். மூன்றாம் முறை பாதியாகும்.

கூச்சலைக் குறைக்கச் சில கைவேலைகள் உண்டு. மதிய வெயிலில் போகாதீர்கள். உங்கள் பள்ளியில் காலை உணவு உண்டு. பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவியதும் கிளம்புங்கள். சிந்திய பருக்கைக்குக் காகமும் மைனாவும் அணிலும் வந்து இறங்கும் நேரம் அது. இரு கைகளையும் விரித்த அளவு நீளச் சணல் கயிற்றை முடிச்சுப் போட்டு வளையமாக்கி, இரண்டு பேருக்கு ஒன்று கொடுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையோடு மூன்றாம் வகுப்புப் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். வளையத்தைத் தரையில் போட்டு, அதற்குள் இருப்பதை மட்டும் பார்க்க வேண்டும். வெளியே மயிலே வந்து நின்றாலும் நம் வளையத்துக்குள் என்ன என்பதே கேள்வி. 15 நிமிடம் போதும். ஒரு நாளைக்கு ஒரே வேலைதான் தர வேண்டும். இலை பொறுக்கவும் வேண்டும், பறவை எண்ணவும் வேண்டும், வரையவும் வேண்டும் என்று சேர்த்துச் சொன்னால் மூன்றும் நடக்காது. விளையாட்டு நேரத்துக்கு ஊதும் விசிலை இதற்கு ஊதாதீர்கள். அந்த ஓசை கேட்டால் கால் தானாக ஓடும்.

இனி எதைப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன். உங்கள் பகுதி மணல் பூமி என்பதால் உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. வகுப்பறைத் தாழ்வாரத்தின் ஓரத்தில், மழை படாத பொடிமணலில், புனல் போலச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். குழியானை. குழிநரி என்றும் சொல்வார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அது முன்பே தெரிந்திருக்கும், உங்களுக்குத்தான் தெரிந்திருக்காது. குழியின் அடியில் மணலுக்குள் புதைந்து, அரிவாள் போன்ற இரண்டு கொடுக்குகளை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு அது காத்திருக்கும். எறும்பு ஒன்று விளிம்பில் கால் வைத்தால் மணல் சரியும். எறும்பு மேலே ஏறப் பார்க்கும். உடனே அடியிலிருந்து மணலை வாரி வீசும். சரிவு இன்னும் சரிய, எறும்பு கொடுக்கில் போய் விழும். சாற்றை உறிஞ்சி முடித்ததும் காலிக் கூட்டை வெளியே எறிந்துவிட்டுக் குழியைச் செப்பனிடும்.

ஒரு குழியை மணலோடு அள்ளி உள்ளங்கையில் சலித்தால் சாம்பல் நிறத்தில், குண்டு வயிற்றோடு ஒரு புழு கிடைக்கும். தரையில் விடுங்கள், பின்னோக்கித்தான் நடக்கும். அதைக் கண்டு பிள்ளைகள் சிரிக்கும் சிரிப்பு இருக்கிறதே! ஓர் அகலத் தட்டில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு உலர்ந்த பொடிமணலைப் பரப்பி அதில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். மறுநாள் காலை குழி தோண்டி வைத்திருக்கும். இனி வகுப்பறையிலேயே வேலை நடக்கும். குழியைக் கலைத்துவிட்டால் மீண்டும் தோண்ட எவ்வளவு நேரமாகும்? மணலை ஈரமாக்கினால் தோண்டுமா? பெரிய புழுவின் குழி பெரிதாக இருக்குமா? நூலை வைத்துக் குழியின் வாயை அளந்து, அந்த நூலை ஸ்கேலில் வைத்துப் பார்ப்பது மூன்றாம் வகுப்புக்கான கணக்கு. இதே புழு மணலுக்குள் உருண்டையாகக் கூடு கட்டி, பிறகு தட்டானைப் போல நீள இறக்கைகளோடு வெளியே வரும் என்பதை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடாதீர்கள். ஒரு நாள் தட்டு காலியாக இருக்கும். எங்கே போயிற்று என்று பிள்ளைகளே தேடட்டும்.

இறக்கையைப் பிய்த்த அந்தப் பையனை இந்தத் தட்டுக்குப் பொறுப்பாளனாக்குங்கள். ஆறு வயதுக் கைக்கு எதையும் பிரித்துப் பார்க்கத் தோன்றும். அதைக் கொடுமை என்று பெயரிட்டு ஒரு குழந்தையின் தலையில் எழுதிவிட வேண்டாம். நம் ஊரில் தட்டானுக்கு நூல் கட்டி விளையாடாதவர் எத்தனை பேர்? எறும்பு போடுவது அவன் வேலை, ஒரு நாளைக்கு ஓர் எறும்பு மட்டும். எடுத்த உயிரை எடுத்த இடத்திலேயே விடுவது வகுப்புக்கே பொதுச் சட்டமாக இருக்கட்டும். எறும்பைப் போடும்போது யாராவது ஒரு பிள்ளை, "எறும்பு பாவம் இல்லையா டீச்சர்?" என்று கேட்கும். அவசரப்பட்டு விடை சொல்லிவிடாதீர்கள். பெரியவர்களுக்கே விடை தெரியாத கேள்வி அது, பிள்ளைகளே சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

பயறு அழுகியதைப் பற்றி வருத்தப்பட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அதுதான் நல்ல பாடமாகத் தெரிகிறது. பஞ்சு நீரில் மிதந்திருக்கும். விதைக்குக் காற்று கிடைக்காமல் போயிருக்கும். அடுத்த முறை மூன்று கிண்ணம் வையுங்கள். ஒன்றில் உலர்ந்த துணி, ஒன்றில் பிழிந்த ஈரத்துணி, ஒன்றில் பயறு மூழ்கும் அளவு நீர். எது முளைக்கும் என்று முன்கூட்டியே கை தூக்கச் சொல்லி எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதுங்கள். நாறப் போகும் கிண்ணத்தை நாறவே விடுங்கள். நான்காவதாக, ஈரத்துணிக் கிண்ணம் ஒன்றை இருட்டில் மூடி வைத்தால், வெளுத்து மஞ்சளாக, ஒல்லியாக நெடுநெடுவென்று வளர்ந்திருக்கும். உங்கள் ஊர் அம்மன் கோவில் முளைப்பாரியைப் பார்த்த பிள்ளைகள் அதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஏன் இருட்டு அறையில் வளர்க்கிறார்கள் என்று பாட்டியிடம் கேட்டு வரட்டும்.

வேப்பமரத்துக்கு வருவோம். ஜூனில் பள்ளி திறக்கும்போது அது பழுத்துக்கொண்டிருக்கும். தொடங்குவதற்கு இதைவிடத் தோதான மாதம் கிடையாது. மைனாவும் காகமும் பழம் தின்ன வரும், சப்பிப் போட்ட கொட்டைகள் கீழே கிடக்கும். வேப்பங்கொட்டைக்கு முளைக்கும் சக்தி சில வாரங்கள்தான் இருக்கும் என்பதால் அன்றன்றே பொறுக்கி மண்ணில் போட்டால்தான் பலன். முளைத்து முதலில் விரியும் இலையும் பெரிய மரத்தின் இலையும் ஒரே மாதிரி இருக்காது; பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்கிறார்களா என்று பொறுத்துப் பாருங்கள். காகத்தின் கூடு மரத்தில் இருந்தால் இன்னும் விசேஷம். குயில் அதில் முட்டையிட்டிருந்தால், ஒரு காகம் தன் குஞ்சு என்று நம்பிக் குயில்குஞ்சுக்கு இரை ஊட்டுவதை ஜூன், ஜூலையில் தரையில் நின்றே பார்க்கலாம். கூட்டுக்கு நேர் கீழே மட்டும் நிற்காதீர்கள், தாய்க் காகம் தலையில் கொத்திவிடும். தை, மாசி வாக்கில் இலை உதிர்ந்து, பிறகு செம்புநிறத் தளிர் வரும். பங்குனி, சித்திரையில் பூ வரும். மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் உட்கார்ந்து அதே மரத்தை வரையச் சொல்லுங்கள். பத்துப் படங்களையும் ஆண்டு முடிவில் ஒரு நூலில் கோத்துத் தொங்கவிட்டால் போதும், பருவகாலம் என்ற பாடத்தைத் தனியாக நடத்த வேண்டியதில்லை.

மரத்தடியில் வகுப்பு நடத்துவதைச் சிலர் இயற்கைக் கல்வி என்று நினைத்துக்கொள்கிறார்கள். தாகூர் 1901-இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கி மரத்தடியில் பிள்ளைகளை உட்கார வைத்தது உண்மைதான். அதைப் பார்த்து நம்மில் பலர் செய்வது என்னவென்றால், மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்துப் புத்தகத்தை வாசிப்பது. காற்று நன்றாக வரும், அவ்வளவுதான்.

அக்டோபரில் மழை தொடங்கியதும் ஒரு வேலை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. 'தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை' என்று பழமொழி சொல்கிறோம். 'எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறின் மழை' என்றும் சொல்கிறோம். நிஜமா? பெரிய கட்டம் போட்ட மாதக் காலண்டர் ஒன்றைச் சுவரில் மாட்டுங்கள். மாலையில் பள்ளி விடும் நேரத்தில் மைதானத்தில் தட்டான் தாழப் பறந்தால் அன்றைய கட்டத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. மறுநாள் காலைக்குள் மழை பெய்திருந்தால் பக்கத்தில் ஒரு பச்சைப் பொட்டு. தட்டான் இல்லாத நாளையும், மழை இல்லாத நாளையும் விடாமல் குறிக்க வேண்டும். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் தட்டான் பறந்தாலும் பறக்காவிட்டாலும் மழை பெய்யும். அதனால் தட்டான் பறந்து மழை பெய்த நாள் எத்தனை, பறக்காமலே பெய்த நாள் எத்தனை, பறந்தும் பெய்யாத நாள் எத்தனை, இரண்டும் இல்லாத நாள் எத்தனை என்று நான்காகப் பிரித்து எண்ணினால்தான் பழமொழியை எடை போட முடியும். மாத இறுதியில் பழமொழி ஜெயித்ததா தோற்றதா என்பதைப் பிள்ளைகளே தீர்ப்பு எழுதட்டும். தோற்றால் தாத்தாக்களிடமிருந்து புகார் வரும், சமாளித்துக்கொள்ளுங்கள்.

இப்போது தலைமையாசிரியர். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அவரை எதிரியாக்கிக்கொள்ள வேண்டாம். அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தர 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருக்கிறீர்கள். வெளியே போய்வந்த அடுத்த அரை மணி நேரத்தை அதற்கே கொடுங்கள். அரும்பு நிலைப் பிள்ளை பார்த்ததை வரையட்டும், மொட்டு நிலைப் பிள்ளை படத்துக்குப் பெயர் எழுதட்டும், மலர் நிலைப் பிள்ளை இரண்டு வரி எழுதட்டும். அவர்கள் வாயால் சொன்னதை அப்படியே சார்ட் தாளில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டுங்கள். 'நான் எறும்பு போட்டேன். பூச்சி மண்ணை வீசியது. எறும்பு ஏறி ஏறி விழுந்தது.' தன் வாயிலிருந்து வந்த வரியைப் படிக்கத் திணறும் பிள்ளையை நான் பார்த்ததில்லை. பாடநூலில் 'ஏறு, ஏணி, ஏற்றம்' என்று வரும்போது திக்கும் அதே பிள்ளை இங்கே 'ஏறி ஏறி' என்பதைத் தயங்காமல் படிக்கும். இந்தத் தாள்களைத் தலைமையாசிரியரின் மேசையில் வாரம் ஒன்றாக வையுங்கள். வாதம் செய்ய வேண்டியிருக்காது. பெற்றோருக்கும் இதே வழிதான்: பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நீங்கள் பேசாதீர்கள், பிள்ளைகளைப் படிக்கவிடுங்கள்.

பெற்றோர் என்றதும் உங்கள் இன்னொரு கவலை நினைவுக்கு வருகிறது. பெயர் தெரியாததை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் என்ன, ஊரில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பாட்டிகளில் இரண்டு பேரை ஒரு காலை நேரம் பள்ளிக்கு அழையுங்கள். மூக்கிரட்டை, குப்பைமேனி, கீழாநெல்லி, தும்பை, நாயுருவி, பொன்னாங்கண்ணி என்று வேலியோரத்தில் நடந்துகொண்டே சொல்லிவிடுவார்கள். கீழாநெல்லியின் இலைக்கு அடியில் காய் வரிசையாக இருப்பதைப் புரட்டிக் காட்டுவார்கள். நாயுருவி விதை பாவாடையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வருவதைப் பிள்ளைகளே காட்டுவார்கள். 'மண்ணில் விளையாடவா' என்று கேட்ட வீட்டிலிருந்தே ஒரு பாட்டி வந்து பாடம் நடத்தினால் அந்தப் பேச்சு அதோடு அடங்கும். உப்பளத்தில் வேலை செய்யும் தகப்பன் ஒருவரையும் கூப்பிடுங்கள். தட்டில் உப்புநீர் ஊற்றி வெயிலில் வைத்து, அவர் சொல்லச் சொல்லப் பாத்தி கட்டிப் பார்க்கலாம்.

பாட்டிகள் சொல்லாத ஒரு பறவையை ஒரு பிள்ளை பார்த்துவிட்டு என்னவென்று கேட்டால், "எனக்கும் தெரியாது, அது எதைத் தின்றது என்று பார்த்தாயா?" என்று திருப்பிக் கேளுங்கள். பெயரைச் சொன்ன மறுநொடி குழந்தை பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. பெயர் இரண்டு நாள் கழித்துக் கிடைத்தால் போதும். அதுவரை பிள்ளைகள் வைக்கும் பெயரிலேயே அழைக்கலாம். நம் மாநிலப் பறவை மரகதப்புறா என்று எல்லாப் பிள்ளையும் ஒப்பிக்கும். காட்டில் ஒதுங்கி வாழும் அந்தப் பறவையைக் கண்ணால் கண்ட பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்காது. பள்ளிக்கூட வாசலில் மேயும் புள்ளிப்புறாவின் கழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று. மார்கழி, தை மாதங்களில் வெளியூர் விருந்தாளிப் பறவைகளும் சேர்ந்துகொள்ளும். பொங்கலை ஒட்டித் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடத்தும் ஆர்வலர்கள் உங்கள் மாவட்டத்திலும் இருப்பார்கள். அவர்களில் ஒருவரின் தொலைபேசி எண் கையில் இருந்தால் படம் அனுப்பிக் கேட்டுக்கொள்ளலாம்.

கோடியக்கரைக்கும் போகலாம், ஆனால் தையில் போங்கள், ஜூனில் அல்ல. பூநாரைகள் வருவது குளிர்காலத்தில்தான். அவையும் தூரத்தில் வெளிறிய கோடாகத் தெரியுமே தவிர, ஆறு வயதுக் கண்ணுக்கு எட்டாது. வெளிமான் கண்ணுக்கு எட்டும். உங்கள் கடற்கரையில் நடக்கும் ஒன்றையும் தவறவிடாதீர்கள். பங்குனி ஆமைகள் தை முதல் பங்குனி வரை கரையேறி முட்டையிடுகின்றன. வனத்துறை அந்த முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்து, 45 முதல் 60 நாளில் பொரிந்து வரும் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கடிதம் கொடுத்து வைத்தால், குஞ்சு விடும் நாளில் பிள்ளைகளை ஓரமாக நின்று பார்க்க அனுமதிப்பார்களா என்று கேட்கலாம். தொடக்கூடாது, டார்ச் அடிக்கக்கூடாது. ஆறு மாதம் ஒரே மரத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் அங்கே நிற்கும் விதமே வேறாக இருக்கும்.

பாம்பு பயம் நியாயமானது. அதற்காகப் பிள்ளைகளை உள்ளேயே அடைத்து வைக்க வேண்டியதில்லை. சமையற்கூடத்துக்குப் பின்னால் விறகும் செங்கலும் குவிந்திருந்தால் அதைத்தான் முதலில் அகற்றச் சொல்லுங்கள், புளியங்கட்டையை அல்ல. பிள்ளைகளுக்கு முன்னால் நீங்கள் ஒரு கம்போடு இடத்தைச் சுற்றி வாருங்கள். செருப்பில்லாமல் யாரும் புல்லுக்குள் இறங்கக்கூடாது. பொந்தில் கை விடக்கூடாது, கல்லைப் புரட்டக்கூடாது. புரட்ட வேண்டுமானால் நீங்கள் கம்பால் புரட்டுங்கள். பாம்பைக் கண்டால் எல்லாரும் பின்வாங்கி வகுப்புக்குள் போக வேண்டும், தீயணைப்புத் துறைக்குச் சொல்ல வேண்டும், அடிக்கக்கூடாது. கடித்தே விட்டால் கட்டு இறுக்குவதோ கீறுவதோ கூடாது. பிள்ளையை அசையாமல் வைத்து 108-ஐ அழைத்து நேரே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு ஒத்திகையாகவே சொல்லிக் கொடுக்கலாம்.

பாம்பைவிடச் செடிகளைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். அரளி, ஊமத்தை, காட்டாமணக்கு, குன்றிமணி எல்லாம் பள்ளி வேலிகளில் சாதாரணமாக இருக்கின்றன. காட்டாமணக்கு விதையைக் கடலை என்று தின்று மருத்துவமனைக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. பாட்டி காட்டிய கீரையானாலும் சரி, பள்ளியில் எதையும் வாயில் வைப்பதில்லை என்று கண்டிப்பாக இருங்கள். உடம்பெல்லாம் மயிர் உள்ள கம்பளிப்பூச்சியைத் தொடக்கூடாது, முருங்கை இருந்தால் அடியில் உட்காரக்கூடாது. மரவட்டையைத் தொட்டால் கை கழுவ வேண்டும், பூரானைத் தொடவே கூடாது. இடி இடித்தால் மரத்தடியை விட்டு உள்ளே வந்துவிட வேண்டும். கீழே விழுந்த கிளிக்குஞ்சை யாராவது எடுத்து வந்து வளர்க்க ஆசைப்பட்டால், 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்று சொல்லி வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

வகுப்புக்குள் வளர்க்க உங்களுக்கு ஓர் உயிர் வேண்டுமானால் கறிவேப்பிலைச் செடியைப் பாருங்கள். இலையில் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள், அது வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். வளர வளரப் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னால் கொம்பு போல ஒன்றை நீட்டும், ஒரு நெடி அடிக்கும். வாயகன்ற ஜாடியில் ஒரு குச்சியோடு விட்டு, கொசுவலைத் துணியால் மூடி, தினமும் புது இலை போட்டு, பழைய புழுக்கையைக் கொட்டுங்கள். தனியாகத் தண்ணீர் வேண்டாம். ஒரு மாதத்துக்குள் பெரும்பாலும் ஒரு காலை வேளையில் கூடு உடையும். சில சமயம் வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகக் கூட்டுப்புழுவைத் துளைத்துக்கொண்டு ஒரு சின்னக் குளவியோ ஈயோ வரும். பிள்ளைகள் அழுவார்கள். அந்தக் குளவியும் வண்ணத்துப்பூச்சியைப் போலவே முட்டையிலிருந்து வந்ததுதானே என்று பேச அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கன்று நடச் சொல்லி வட்டாரத்திலிருந்து செய்தி வந்துவிடும். நடுங்கள். சென்ற ஆண்டு நட்ட அதே குழியில் நடாமல் இருந்தால் நல்லது. பழைய கன்றுகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று மூன்றாம் வகுப்பை எண்ணவிட்டு, செத்ததற்குக் காரணம் ஆடா, வெயிலா, தண்ணீரா என்று எழுதச் சொல்லிவிட்டு நட்டால் இன்னும் நல்லது.

கடைசியாக அந்த 2,000 ரூபாய். விலங்குப் பொம்மைகளும் பளபளப்பான சுவர்ப்படங்களும் விற்க ஆள் வருவார், அனுப்பிவிடுங்கள். பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட லென்ஸ், இரண்டு பேருக்கு ஒன்று என்ற கணக்கில் 12 வாங்குங்கள். ஒரு கட்டுச் சணல் கயிறு, வாயகன்ற ஜாடி நான்கு, இரண்டு மீட்டர் கொசுவலைத் துணி, சார்ட் தாள், ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள், அந்த மாதக் காலண்டர். வரைவதற்கு ஒரு பக்கம் காலியான பழைய தாள்கள் அலுவலகத்திலேயே கிடைக்கும். பணம் மீந்தால், கீரை காட்ட வரும் பாட்டிகளுக்கு வடையும் டீயும் வாங்கிக் கொடுங்கள். அதை எந்தத் தலைப்பில் கணக்கு எழுதுவது என்று தலைமையாசிரியரையே கேட்டுக்கொள்ளுங்கள், அவருக்குத் தெரியும்.